அத்தியாயம் 7: அப்பாவின் பழைய சேட்டில் ஒரு கிளினிக் கோப்பு

களுபோவில ஆஸ்பத்திரியிலோ கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ கிளினிக் நடக்கும் காலையில் வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அறுபது தாண்டிய அப்பாமார் அநேகரின் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஈ.சி.ஜி. தாள், மருந்துத் துண்டு, அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள்தான். இலக்கம் கூப்பிட்டதும் பையை மடியில் கவிழ்த்துத் தேடுவார்கள். தேடியது அகப்படும் நேரத்தில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கத் தொடங்கியிருப்பார். மழை நாளென்றால் ரிப்போர்ட்டின் ஓரம் நனைந்து எழுத்துக் கசிந்திருக்கும்.

அந்தப் பைக்கு ஒரு மாற்றைத்தான் இந்த அத்தியாயத்தில் செய்யப்போகிறோம். ஏ4 தாளை மடிக்காமல் வைக்கக்கூடிய, துணி போர்த்திய, பொத்தான் போட்டு மூடும் ஒரு கோப்பு. அதற்கு வேண்டிய மட்டை, துணி, இலாஸ்டிக், பொத்தான் எல்லாம் வீட்டிலேயே கிடக்கின்றன. பசை ஒன்றுதான் காசு கொடுத்து வாங்க வேண்டியது.

தந்தையர் தினம் ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. 15ஆம் திகதிக்கும் 21ஆம் திகதிக்கும் இடையில்தான் எப்போதும் வரும். அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில், தாயில்லாத ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தகப்பனை நினைத்து சொனோரா ஸ்மார்ட் டொட் என்ற பெண் தொடங்கி வைத்தது. முதன்முதலில் கொண்டாடப்பட்டது 1910 ஜூன் 19. அந்த நாட்டுச் சட்டத்தில் அது ஏறியது 1972 இல்தான். நம்மிடம் தகப்பனுக்கென்று இருந்த நாள் ஆடி அமாவாசை. அது தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள். உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு நாம் நாள் வைக்கவில்லை. அதனால் இறக்குமதியான இந்த ஞாயிற்றுக்கிழமையோடு எனக்குச் சண்டையில்லை. காலி வீதிக் கடைக் கண்ணாடிகளில் அந்த வாரம் நிரம்பும் கோப்பைகளோடும் பேர்ஸ்களோடும்தான் சண்டை. எந்த வீட்டில் கோப்பைக்குப் பஞ்சம்?

எதைச் செய்யக்கூடாது

பிள்ளைகள் கையால் செய்யும் பரிசு என்றால் நமக்குப் பழகிப்போனது வேறொன்று: சோடாப் போத்தலை வெட்டி, மினுக்கம் ஒட்டி, பஞ்சால் ஒரு முகம் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து. அப்பா வாங்கிச் சிரிப்பார். அது ஷோகேசில் ஏறும். அடுத்த தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது தூசியோடு இறங்கி வெளியே போகும். குப்பை சில மாதம் தாமதமாகக் குப்பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதற்காகப் புறக்கோட்டைக்குப் போய்ப் புதிதாக ஐஸ்பழக் குச்சிக் கட்டும் வர்ணத்தாளும் வாங்கி வருகிறவர்களும் உண்டு. மீள்பாவனை என்ற பெயரில் புதுச்சாமான் வாங்குவது என்ன கணக்கென்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் அப்பாமார் இந்த வேலையில் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். வளைந்த ஆணியை நிமிர்த்தி வைப்பவரும், பழைய சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டி வைப்பவரும், வந்த பார்சலின் கயிற்றைச் சுருட்டி லாச்சியில் போடுபவரும் அவர்தான். எனவே நீங்கள் செய்து கொடுப்பதை அவர் புரட்டிப் பார்ப்பார். மூலையை நகத்தால் தட்டிப் பார்ப்பார். ஒட்டு விட்டிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்தச் சாமானை வெளியே எடுத்துப் போகவும் மாட்டார். அவர் தினமோ மாதாமாதமோ கையாளுவதாக, மழைக்குத் தாங்குவதாக, நாலு பேர் முன்னால் வெட்கப்படாமல் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாதது பரிசாக இருக்கலாம், பாவனைப் பொருளாக இராது.

இதைச் செய்து உலகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. கொழும்பின் குப்பை எங்கே போகிறதென்று கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. புளூமெண்டால் குப்பை மேடு அவர்களின் மூக்குக்குக் கீழேதான் வளர்ந்தது. பிறகு மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கு அந்த மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் செத்துப்போனார்கள். ஒரு கோப்பில் மிச்சமாவது சில நூறு கிராம் மட்டையும் துணியும்தான். அந்த மலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அப்பாவுக்கு ஒரு நல்ல கோப்பு கிடைக்கும். இந்த அத்தியாயம் உத்தரவாதம் தருவது அதற்கு மட்டும்தான்.

சேர்க்க வேண்டியவை

பழைய பேப்பர், போத்தல் என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறவர் வாங்கிப்போகும் முன்பே நீங்கள் பொறுக்கிவிட வேண்டும். ஒரு மாதம் முந்தியே தொடங்கினால் அவசரம் இல்லை. சண்டிகரில் வீதிப் பரிசோதகராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலும் பீங்கானும் மின் பொருத்திகளும் வருடக்கணக்காகச் சேர்த்துத்தான் 1976 இல் திறக்கப்பட்ட அந்தக் கற்பூங்காவை உருவாக்கினார். நமக்கு ஓர் அலுமாரித் தட்டு போதும்.

முதலில் மட்டை. புதுச் சேட்டுக்குள் விறைப்புக்காக வைத்து வரும் மட்டை இதற்கு மிகப் பொருத்தம். அளவு போதாவிட்டால் சேலைப் பெட்டி, எழுதி முடித்த கொப்பிகளின் பின்னட்டை, பழைய கலண்டரின் பின்மட்டை. பிஸ்கட் வரும் பெரிய நெளிமட்டைப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அது நனைந்தால் ஊதும், அழுத்தினால் நசியும், கரப்பானுக்கும் நல்ல குடியிருப்பு.

அடுத்தது துணி. அப்பாவின் பழைய சேட் ஒன்று. பருத்தியாக இருக்க வேண்டும். கொலர் தேய்ந்திருந்தாலும் முதுகுப்பக்கம் நன்றாக இருக்கும், பார்த்தெடுங்கள். வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் பெரிய நூற்பு நெசவாலையே இருந்தது. 1933 இல் அங்கு நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படுவது. துணி நெய்த ஊரில் இன்று துணி விற்கும் கடைகள்தான். ஆனாலும் ஒவ்வொரு அலுமாரியிலும் போடாத சேட்டும் உடுக்காத சாரமும் மடித்தபடி கிடக்கின்றன. சேட்டை எடுப்பதற்கு அம்மாவின் சம்மதம் அவசியம். கேளாமல் வெட்டினால் வெள்ளவத்தை வீட்டில் “இது நல்ல சேட்டெல்லோ, ஏன் பிள்ளை வெட்டினனீ?” என்றும், கொட்டாஞ்சேனை வீட்டில் “நல்ல சட்டைய ஏன்டா நாசமாக்கின?” என்றும் கேட்க வேண்டி வரும். இரண்டுக்கும் பதில் கிடையாது.

பிறகு சின்னச் சாமான்கள். பழைய களிசானின் இடுப்பு இலாஸ்டிக் ஒரு சாண். இழுத்து விட்டால் திரும்பிச் சுருங்குகிறதா என்று பார்த்தெடுங்கள், கொழும்பு வெக்கையில் பாதி இலாஸ்டிக் செத்துப்போயிருக்கும். ஒரு 400 கிராம் பால்மாப் பெட்டி. உட்பக்கம் ஒட்ட ஒருபக்கம் வெறுமையான கடதாசி. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதைக் கண்டவர்கள் ஒருபக்கத் தாளை எறிவதில்லை, எனவே அதற்கும் குறைவிராது. செட்டியார் தெரு நகைக்கடைக் கலண்டர் என்றால் தாள் தடிப்பு, நன்றாக ஒட்டும். ஆனால் சாமிப்படம் உள்ள பக்கத்தில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள். கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிற படத்தை நீங்கள் வெட்டியதை அப்பா கண்டால் கோப்பையே தொடமாட்டார்.

பசையும் மழையும்

ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை. வானம் வெளித்தாலும் காற்றில் ஈரம். கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுக் கைவேலைப் புத்தகங்களில் ‘ஒரு மணித்தியாலம் காயவிடுக’ என்றிருப்பதை இங்கே நம்பக்கூடாது. ஒவ்வோர் ஒட்டுக்கும் ஓர் இரவு கொடுங்கள். மூடின மழையென்றால் இரண்டு இரவு. ஞாயிறன்று கொடுக்க வேண்டியதை அதற்கு முந்திய ஞாயிறே தொடங்கினால்தான் சரிவரும்.

வீட்டில் கோதுமை மாவில் பசை காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மாவைப் பத்து மேசைக்கரண்டி பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல வரும். இறக்கி ஆறவிடுங்கள். கடதாசிக்கு இதைப்போல நல்ல பசை இல்லை. ஆனால் கரப்பானுக்கும் இது பிடித்த உணவு. அதற்காகத்தான் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்த்தார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஆகவே மாப்பசையை ஓரிடத்தில் மட்டும், துணிக்குப் பின்னால் தாள் ஒட்ட, வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் பைண்டர் கம்மோ தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையோ நல்லது. புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் வாங்கிவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தெருமுனைக் கொப்பிக் கடையிலும் கிடைக்கும்.

மட்டை

வேண்டியது 23 சென்ரிமீற்றர் அகலம், 31 சென்ரிமீற்றர் உயரமான இரண்டு பலகைகள். முதுகுக்கு 3 அகலம், 31 உயரத்தில் ஒரு துண்டு. சேட் மட்டை மெல்லியது, மூன்று அடுக்கு ஒட்டினால்தான் விறைப்பு வரும். ஒரு மட்டை அளவு போதாமல் இரண்டைப் பொருத்த நேர்ந்தால், செங்கல் அடுக்குவதுபோல ஓர் அடுக்கின் பொருத்து அடுத்த அடுக்கின் பொருத்துக்கு நேராக வராமல் மாற்றி வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மட்டைக்கும் நார் ஓடும் திசை உண்டு. இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள்; ஒரு பக்கம் சுலபமாக வளையும், மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். கோப்பின் முதுகு எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசையிலேயே எல்லா அடுக்கின் நாரும் ஓட வேண்டும். இதைப் பாராமல் ஒட்டினால் காய்ந்ததும் பலகை அப்பளம் மாதிரிக் கோணும்; அதற்குப் பிறகு எந்தப் பாரமும் அதை நிமிர்த்தாது.

அச்சடித்த பளபளப்பான முகத்தில் பசை பிடிக்காது. சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பசையைத் தடித்து வார்க்காமல் பழைய தொலைபேசி அட்டை ஒன்றால் மெல்லியதாக இழுத்து விட்டு, அடுக்கி, மேலும் கீழும் பால்மாப் பெட்டியின் உள்ளுறையை வைத்து, அதன்மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றிவிடுங்கள். உள்ளுறை இல்லாவிட்டால் பலகை மேசையோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் எடுத்து, இரும்பு அடிமட்டம் வைத்து ஓரங்களைக் கத்தியால் சரி செய்யுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். மெல்ல மெல்லப் பல முறை ஓட்டினால் கத்தி வழுகாது. கத்தி வேலை பெரியவர்களுடையது.

துணி போர்த்துதல்

சேட்டைத் தோய்த்து, ஈரம் முற்றாகக் காயும் முன் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். முதுகுத் துணியிலிருந்து 55க்கு 35 சென்ரிமீற்றரில் ஒரு துண்டு. சேட்டின் நீளவாக்கில் 55 ஐ எடுத்தால் ஒரே துண்டில் வந்துவிடும். இந்தத் துணியை நேராக மட்டையில் ஒட்டினால் பசை இழைக்குள்ளால் ஊறி வெளியே திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்குத்தான் மாப்பசை. மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றில் மாப்பசை பூசி, துணியின் பின்பக்கத்தில் சுருக்கமில்லாமல் ஒட்டி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். காய்ந்ததும் துணி பிரவுன் பேப்பர் போல விறைத்து நிற்கும். வெட்டவும் மடிக்கவும் இலகு.

பொத்தானை இப்போதே தைத்துவிடுங்கள். முன்பலகையின் வலது ஓரத்துக்கு நடுவில் எங்கே வரப்போகிறது என்று பென்சிலால் குறித்து, அதே சேட்டின் பொத்தானைத் தடித்த நூலால் தைத்து, பின்பக்கம் ஒரு சிறு மட்டைத் துண்டு கொடுத்து முடிச்சிடுங்கள். துணியை மட்டையில் ஒட்டிய பிறகு ஊசிக்கு வழியில்லை.

இனி துணியைக் கவிழ்த்துப் போட்டு நடுவில் முதுகுத் துண்டை வையுங்கள். அதன் இரு பக்கமும் 7 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுப் பலகைகளை வையுங்கள். இந்த இடைவெளிதான் கீல். கூடினால் கோப்பு தொளதொளக்கும், குறைந்தால் மூட மறுக்கும். பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டு, பசையை மட்டையில் பூசி, கோட்டுக்குள் பதித்து, திருப்பிப் போட்டு உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள்.

மூலை வேலைதான் அப்பா நகத்தால் தட்டிப் பார்க்கும் இடம். நாலு மூலையிலும் துணியைச் சாய்வாக வெட்ட வேண்டும், ஆனால் மட்டையின் முனையைத் தொட்டு வெட்டக்கூடாது. மட்டையின் தடிப்பைப்போல ஒன்றரை மடங்கு தூரம் விட்டு வெட்டுங்கள். மேல், கீழ் ஓரங்களை முதலில் உள்ளே மடித்து ஒட்டுங்கள். அப்போது மூலையில் துணி கொஞ்சம் காதுபோலத் துருத்தி நிற்கும். அதைப் பெருவிரல் நகத்தால் உள்ளே அமுக்கிவிட்டுப் பிறகு பக்க ஓரத்தை மடியுங்கள். இப்படிச் செய்தால் மட்டையின் முனை ஒருநாளும் வெளியே எட்டிப் பார்க்காது. கீல் இடைவெளிக்குள் துணியைத் தேக்கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி இறக்குங்கள்.

பின்பலகையில் கோப்பை மூடும் நாக்கு வர வேண்டும். சேட்டின் முன்பக்கப் பொத்தான்துளைப் பட்டியை ஒரு துளை வருமாறு வெட்டியெடுத்து, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, அதன் மற்ற முனையைப் பின்பலகையின் உட்பக்கத்தில் நன்றாக ஒட்டிவிடுங்கள். மேலே தாள் வரும்போது ஒட்டு மறைந்துவிடும்.

உள்ளே

வெளிப்பக்கம் மட்டும் துணி ஒட்டிய பலகை காயும்போது அந்தப் பக்கமாகவே இழுபடும். உள்ளேயும் ஒன்று ஒட்டினால்தான் இரண்டு இழுவையும் சமமாகும். அதனால் உள்தாளை அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முதலில் கீல்பகுதிக்கு 8 சென்ரிமீற்றர் அகலத் துணிப்பட்டி. அதன் பிறகு இரு பலகைக்கும் ஓரம் 3 மில்லிமீற்றர் விட்டுக் கலண்டர்த் தாள். தாள் ஒட்டுவதற்கு முன் இடது பலகையின் மேற்பகுதியில் இலாஸ்டிக்கைக் குறுக்கே இழுத்து, இரு முனையையும் பலகையில் ஒட்டிவிடுங்கள். தாளில் இரு கீறல் போட்டு இலாஸ்டிக்கை வெளியே எடுத்தால் கிளினிக் கொப்பி அதற்குக் கீழே இறுக்கமாக நிற்கும். அப்பாவின் கொப்பியை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே அளவில் கொடுப்பதில்லை.

வலது பக்கம் ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு பெரிய உறை. விரித்த பால்மாப் பெட்டி மட்டையில் 25க்கு 16.5 வெட்டி, கீழும் இரு பக்கமும் ஒன்றரை சென்ரிமீற்றர் மடித்து, மடிப்பில் பசை பூசி ஒட்டினால் போதும். அச்சடித்த பக்கம் உள்ளே போகட்டும்.

இடது பக்கம் கீழே வருவதுதான் இந்தக் கோப்பின் விசேஷம். சேட்டின் நெஞ்சுப் பொக்கெற்றைக் கழற்ற வேண்டாம். அதைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் துணி விட்டு, பொக்கெற்றோடு முன்பக்கத் துணியையே வெட்டியெடுங்கள். ஓரங்களை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, அப்படியே தாளின்மேல் ஒட்டிவிடுங்கள். அடையாள அட்டை, முதியோர் அட்டை, ஒரு பேனை, பஸ்ஸுக்குச் சில்லறை. இத்தனை வருடம் எவையெல்லாம் எந்தப் பொக்கெற்றில் இருந்தனவோ அவை அங்கேயே இருக்கும். கை தேடாமலே போகும். பேனை கசிந்த நீலக்கறை இருந்தால் இருக்கட்டும்.

வெட்டி மிஞ்சியதை ஒரே பையில் திணித்துவிடாதீர்கள். தரம் பிரிக்காத குப்பையை எடுப்பதில்லை என்ற நடைமுறை கொழும்பில் 2016 நவம்பரில் தொடங்கியது; கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம், உக்குபவைக்குப் பச்சை. சேட்டின் கையிரண்டும் தரை துடைக்க உதவும்.

கடைக்கார அப்பாவுக்கு

எல்லா அப்பாவும் கிளினிக் வரிசையில் நிற்பவர் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து தினம் புறக்கோட்டைக்கு இறங்கும் அப்பாவுக்கு, அவர் வாப்பாவானாலும் டடாவானாலும், வேண்டியது பில்லும் கடன் கொப்பியும் வைக்க ஒன்று. மேலே சொன்ன கோப்பையே கடன் கொப்பியின் அளவுக்குச் சுருக்கி, சேட்டுத் துணிக்குப் பதில் பழைய களிசான் துணி போர்த்துங்கள். கடை மேசையின் எண்ணெய்க்கும் தூசிக்கும் அது தாங்கும். வலது உறையை மூன்று அறையாகப் பிரித்தால் கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, வங்கிச் சீட்டு என்று வைத்துக்கொள்வார்.

ஜாம் போத்தல் இறாக்கை

ஆணி, திருகாணி, வாஷர் என்று சேர்த்து வைக்கும் அப்பாவுக்கு இது. ஒரேயளவான நான்கைந்து ஜாம் போத்தல்களின் மூடிகளை ஒரு பலகையின் அடிப்பக்கத்தில் திருகாணியால் பொருத்தி, போத்தலைக் கீழிருந்து மூடிக்குள் திருகித் தொங்கவிடுவது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், குசினித் தட்டில் இடமும் மிச்சம்.

ஒரு மூடிக்கு ஒரு திருகாணி போதாது. போத்தலைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுற்றும். இரண்டு வேண்டும். மூடியில் துளை போடும்போது அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்து ஆணியால் அடியுங்கள். லேபலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மிஞ்சும் பிசினைத் தேங்காய் எண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். அச்சாறு வைத்த போத்தலில் மணம் நின்றால் கசக்கிய பத்திரிகைத் தாளை உள்ளே போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். மெரைன் டிரைவ் பக்கத்து வீடென்றால் தகர மூடி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். எனாமல் பெயின்ற் ஒரு பூச்சுக் கொடுத்த பிறகே பொருத்துங்கள். கண்ணாடியும் இரும்பும் சேர்ந்தால் பாரம். பலகையைச் சுவரில் ஏற்றுவதை, துளை போடத் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த அப்பா என்றால் ஒரு விஷயம் நடக்கலாம். ஜாம் போத்தலைக் கண்டதும் அவர் விளக்குக் கதையைத் தொடங்குவார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் தங்கம். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சின்னத் திரியில் எரியவிட்ட ஜாம் போத்தல் விளக்கில்தான் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலம்தான். நாம் இந்த நூலில் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை அவர்கள் வேறு வழியில்லாமல் செய்தார்கள். கதையை இடைமறிக்காமல் கேளுங்கள். இறாக்கையை எப்படி இன்னும் திறமாகச் செய்திருக்கலாம் என்பதும் அதற்குள் வரும்.

கொடுக்கும் முன்

கோப்பு வெறுமையாகப் போகக்கூடாது. ஒரு தாளில் அப்பாவின் பெயர், பிறந்த ஆண்டு, இரத்த வகை, எந்த மருந்து ஒவ்வாது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே தினம் எடுக்கும் மருந்துகள்: பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் சேர்த்து மருந்து எடுப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் நீளும். ஞாபகத்திலிருந்து எழுதாமல், கிளினிக் கொப்பியையும் மருந்து உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தெழுதுங்கள். மருந்தின் பெயரும் ஒவ்வாமையும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் அதைப் படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தாளை ஒட்டிவிட வேண்டாம். நெஞ்சுப் பொக்கெற்றுக்குள் செருகி வையுங்கள், மாற்ற வேண்டியிருக்கும்.

பொதி சுற்ற வர்ணத்தாள் வாங்க வேண்டியதில்லை. ஒரு நாளைய பத்திரிகைத் தாளும் அப்பா சேர்த்து வைத்த கயிற்றில் ஒரு முழமும் போதும்.

பழைய பொலித்தீன் பையை அன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். முதல் கிளினிக் நாளில் அப்பா இரண்டையும் கொண்டுபோவார். கோப்பை அந்தப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனாலும் ஆச்சரியமில்லை, மழைக்கு அது நல்லதுதான். ஒவ்வொரு கிளினிக்கும் முடிந்து அவர் வீடு வந்ததும் கொப்பியை வாங்கிப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். அளவு ஒன்று மாறியிருந்தாலும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி, மேலே திகதி போடுங்கள்.